நித்திரை வராத இரவுகளும் நாமும்

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளை ஒட்டி நடைபெற்ற சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நீரிழிவு, இரத்த அழுத்தம், மார்பகப் புற்றுநோய் ஆகியவற்றைப் பற்றி இந்த மண்டபத்திலேயே பல தடவை பேசியிருக்கிறார்கள். அவை தேவையான பேச்சுகள். இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் விடயம் நித்திரை. காரணம் எளியது. தலையிடி, களைப்பு, நெஞ்சு படபடப்பு என்று கிளினிக்குக்கு வருகிற பெண்களிடம் "நித்திரை எப்படி?" என்று நாங்கள் கேட்டால், பலர் சிரித்துவிட்டு, "அது எப்பவோ போயிட்டுது, டொக்டர்" என்கிறார்கள். தானாக முன்வந்து அதைச் சொல்பவர்கள் குறைவு. நித்திரை வராததை ஒரு வருத்தமாக நம்மில் பலர் எண்ணுவதில்லை. வயது, விதி, யோசினை என்று பெயர் வைத்துப் பத்து இருபது வருடங்கள் அதோடு வாழ்ந்துவிடுகிறோம். அப்படி வாழத் தேவையில்லை என்பதே இன்றைய செய்தி.

நித்திரை எப்படி வருகிறது

நித்திரையை இரண்டு விடயங்கள் கொண்டுவருகின்றன. முதலாவது, விழித்திருக்கும் நேரம். காலையில் எழும்பியது முதல் அடினோசின் என்ற பொருள் மூளையில் சிறிது சிறிதாகச் சேர்கிறது. அது சேரச் சேர நித்திரையின் தேவை கூடும். பின்னேரம் இரண்டு மணித்தியாலம் படுத்து எழும்பினால் அந்தத் தேவையின் ஒரு பங்கு அப்போதே கழிந்துவிடும். தேநீரிலும் கோப்பியிலும் உள்ள கஃபீன் இந்த அடினோசினின் வேலையைத் தடுக்கிறது. உட்கொண்ட கஃபீனில் பாதி வெளியேற ஏறக்குறைய ஐந்து மணித்தியாலங்கள் எடுக்கும். மாலை 6 மணிக்குக் குடித்த கோப்பியின் பாதி இரவு 11 மணிக்கும் உடலில் இருக்கும்.

இரண்டாவது, உடலுக்குள் இருக்கும் கடிகாரம். அது எப்படி ஓடுகிறது என்பதைக் கண்டறிந்த அமெரிக்க விஞ்ஞானிகள் மூவருக்கு 2017இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கடிகாரத்தைத் தினமும் சரிசெய்வது வெளிச்சம். காலை வெளிச்சம் அதைத் தொடக்கிவைக்கிறது. இருள் வந்ததும் மெலடோனின் சுரக்கிறது. இரவு 11 மணிக்குப் போனின் வெளிச்சத்தை முகத்துக்கு நேரே பிடித்தால் அந்தக் கடிகாரம் குழம்பும்.

நித்திரை ஒரே சீராகப் போவதில்லை. சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று நாலைந்து சுற்றுகள் வரும். ஆழ்ந்த நித்திரை பெரும்பாலும் இரவின் முற்பகுதியில் முடிந்துவிடும். பிற்பகுதியில் நித்திரை மெல்லியதாகவும் கனவுகள் கூடியதாகவும் இருக்கும். சுற்றுகளுக்கு இடையில் எல்லோரும் சற்று விழிக்கிறோம். திரும்பி நித்திரையாகிவிடுவதால் அது நினைவில் நிற்பதில்லை. ஆகவே இரவு 3 மணிக்கு விழிப்பு வருவது ஒரு நோயல்ல. விழித்த உடனே மணியைப் பார்த்து, "ஐயோ, மூன்று மணி, நாளைக்கு எப்படி வேலை செய்யப்போறன்" என்று கணக்குப் போடத் தொடங்குவதில்தான் பிரச்சினை ஆரம்பிக்கிறது.

எமது ஊரின் இரவுகள்

இந்தப் பாடங்கள் உலகத்துக்கெல்லாம் பொது. ஆனால் திருகோணமலைப் பெண்களின் இரவுகளுக்கு ஒரு தனி வரலாறு உண்டு.

எங்கள் அம்மம்மாமாரின் தலைமுறைக்கு 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்திலும் சீனன்குடாவிலும் குண்டு வீசியது நினைவில் இருந்தது. எங்கள் தலைமுறையில் 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலை, ஊர் நித்திரையில் இருந்த நேரம், கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. 1990இல் எத்தனையோ குடும்பங்கள் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டு வெளிக்கிட்டன. நாய் குரைத்தால் விளக்கைத் தணிப்பதும், வாகனச் சத்தம் எந்த வாசலில் நிற்கிறது என்று காதுகொடுப்பதும், உடுத்த உடுப்போடு படுப்பதும் அந்த வருடங்களின் பழக்கம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலையில் கடல் வந்தது. அது வந்தது பகலில்தான். ஆனால் கரையோர மக்கள் அதற்குப் பிறகு மாதக்கணக்கில் இரவில்தான் பயந்தார்கள். இருட்டில் அலைச் சத்தம் மட்டும் கேட்கும், கடல் எங்கே நிற்கிறது என்று தெரியாது. 2006இல் மூதூர், சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரேவி சூறாவளி குச்சவெளிப் பக்கமாகக் கரை கடந்தபோது, காற்றின் சத்தத்தை விடப் பழைய நினைவுகள்தான் தங்களை விழித்திருக்க வைத்தன என்று பலர் பிறகு சொன்னார்கள்.

அந்த நாட்களில் இலேசான நித்திரை உயிரைக் காத்தது. சிறு சத்தத்துக்கும் துள்ளி எழும்பிய அம்மாதான் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓட முடிந்தவள். ஆகவே இப்போது நித்திரை வராமல் படுத்திருக்கும் அந்த அம்மாவின் மூளையில் கோளாறு என்று நினைக்கக்கூடாது. ஒரு காலத்தில் தேவையாக இருந்த காவலை அவருடைய உடம்பு இன்னும் விடவில்லை. ஆபத்து முடிந்துவிட்டது என்று புத்திக்குத் தெரியும்; உடம்புக்கு அதைப் பழக்கித்தான் தெரியப்படுத்த வேண்டும்.

காணாமல் போன மகனுக்காகவோ கணவனுக்காகவோ இன்றும் வாசல் பக்கம் காதை வைத்துப் படுக்கிறவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். இறப்பு என்று அழுது முடிக்கவும் முடியாது, வருவார் என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. இத்தகைய துயரத்தை "தெளிவில்லாத இழப்பு" என்று உளவியலில் சொல்வார்கள். அவர்களிடம் "மறந்துவிட்டு நித்திரை கொள்ளுங்கோ" என்று நாம் யாரும் சொல்லக்கூடாது. மறக்காமலே இளைப்பாற வழி உண்டா என்று அவர்களோடு சேர்ந்து தேடலாம்.

தொடங்கியது ஒன்று, நீடிக்க வைப்பது வேறொன்று

ஆர்தர் ஸ்பீல்மன் என்ற உளவியலாளர் 1987இல் சொன்ன ஒரு விளக்கம் எங்களுக்கு மிகவும் உதவுகிறது. நித்திரையின்மைக்கு மூன்று அடுக்குக் காரணங்கள் உண்டு. சிலர் இயல்பாகவே இலேசான நித்திரை உள்ளவர்கள், இது முதலாவது. ஒரு மரணம், பிரசவம், பிள்ளையின் சோதனை, மாதவிடாய் நிற்கும் காலம், வேலை இழப்பு என ஏதோ ஒன்று அதைத் தொடக்கிவைக்கிறது, இது இரண்டாவது. மூன்றாவதுதான் முக்கியம். நித்திரை வராததை ஈடுசெய்ய நாம் செய்கிறவையே அதை நீடிக்க வைக்கின்றன. நேரத்தோடு படுப்பது, விடிந்த பிறகும் கிடப்பது, பகலில் படுப்பது, கட்டிலில் கிடந்து போன் பார்ப்பது, ஐந்தாவது தேநீர் குடிப்பது ஆகியவை இந்த வகை.

தொடக்கிய காரணம் போன பிறகும் இந்தப் பழக்கங்கள் நிற்கின்றன. இவ்வாறு கிழமைக்கு மூன்று இரவுகளாவது நித்திரை கெட்டு, பகல் வேலையும் பாதிக்கப்பட்டு, மூன்று மாதங்களுக்கு மேல் போனால் அதை நாட்பட்ட நித்திரையின்மை என்கிறோம். அதற்கு முதலில் கொடுக்க வேண்டிய சிகிச்சை குளிசை அல்ல. பழக்கத்தையும் எண்ணத்தையும் மாற்றும் சிகிச்சை என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் வழிகாட்டியது. அதன் முக்கிய பகுதிகளை வீட்டிலேயே தொடங்கலாம்.

வீட்டில் செய்யக்கூடியவை

முதலில் இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பியில் எழுதுங்கள். எத்தனை மணிக்குப் படுத்தது, ஏறக்குறைய எப்போது நித்திரை வந்தது, எத்தனை தடவை எழும்பியது, எத்தனை மணிக்கு எழுந்தது, பகலில் படுத்ததா, கடைசித் தேநீர் எப்போது என்பவற்றைக் காலையில் உத்தேசமாக எழுதினால் போதும். இரவில் மணி பார்க்க வேண்டாம். மணிக்கூட்டைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். ஒன்றும் நித்திரை கொள்ளவில்லை என்று நினைத்தவர்கள் நாலு ஐந்து மணித்தியாலம் நித்திரை கொண்டிருப்பதை இந்தக் கொப்பி அடிக்கடி காட்டும். அந்தத் தெளிவே பாதிப் பயத்தைக் குறைக்கும்.

அடுத்து, எழும்பும் நேரத்தை நிலையாக்குங்கள். எவ்வளவு மோசமான இரவானாலும், ஞாயிற்றுக்கிழமையானாலும், அதே நேரம். எழும்பியதும் முற்றத்துக்கு வந்து வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். கூட்டுகிற வேலையோ பூக்கன்றுக்குத் தண்ணீர் விடுகிற வேலையோ இருந்தால் அந்த நேரத்துக்கு வையுங்கள்.

கட்டில் நித்திரைக்கு மட்டும். ரிச்சர்ட் பூட்சின் 1972இல் எழுதிய இந்த விதி இன்றும் மாறவில்லை. நித்திரை வருகிறபோது மட்டும் படுங்கள். கால் மணித்தியாலம் போலக் கிடந்தும் வரவில்லை என்றால் எழும்பி வேறிடத்தில் இருங்கள். மங்கலான வெளிச்சத்தில் உடுப்பு மடிக்கலாம், பழைய சஞ்சிகை ஒன்றைப் புரட்டலாம். போனும் தொலைக்காட்சியும் வேண்டாம். நித்திரை வந்தால் திரும்பிப் போய்ப் படுங்கள். தேவையென்றால் ஓரிரவில் நாலு தடவையும் செய்யுங்கள். கட்டில் என்றால் விழித்துக் கிடந்து யோசிக்கும் இடம் என்று பழகிவிட்ட மூளைக்கு, அது நித்திரை கொள்ளும் இடம் என்று திரும்பக் கற்பிக்கிறோம்.

இதைவிடக் கடினமானது, படுக்கும் நேரத்தைக் குறைப்பது. ஒருவர் இரவு 9.30 முதல் காலை 6 மணி வரை எட்டரை மணித்தியாலம் கிடந்து ஆறு மணித்தியாலம்தான் நித்திரை கொள்கிறார் என்று வைப்போம். அவரை இரவு 11.30க்குப் படுத்துக் காலை 5.30க்கு எழும்பச் சொல்கிறோம். முதல் கிழமை கஷ்டம். பிறகு நித்திரை இறுகிவரும். படுத்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி நித்திரையாகக் கழிகிறது என்றானதும் கிழமைக்கு 15 நிமிடம் கூட்டுவோம். வலிப்பு உள்ளவர்கள், மனவெழுச்சி மாறும் நோய் உள்ளவர்கள், வாகனம் ஓட்டும் தொழில் செய்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இதைச் செய்யக்கூடாது. ஐந்து மணித்தியாலத்துக்குக் கீழே ஒருவரும் குறைக்கக்கூடாது.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் அறை வெக்கையாக இருக்கும். உடல் வெப்பம் சற்றுக் குறைந்தால்தான் நித்திரை வரும். படுக்க ஒரு மணித்தியாலத்துக்கு முன் முகம், கை, கால் கழுவுவதும், மெல்லிய பருத்தித் துணி விரிப்பும், மாலையில் யன்னல்களைத் திறந்து வைப்பதும் உதவும்.

இரவில் வரும் யோசினை

பகலில் வீட்டுக்காக ஓடுகிற பெண்ணுக்குத் தன் கவலையை நினைக்க ஓய்வு கிடைப்பது இரவில்தான். அதனால் கடன், மகளின் கலியாணம், மாமியின் சுகயீனம் எல்லாம் ஒன்றாக வருகின்றன. அதற்கு மாலையில் 20 நிமிடம் ஒதுக்குங்கள். விளக்கேற்றிய பிறகு ஒரு தாளை இரண்டாக மடித்து, ஒரு பக்கம் கவலையையும் மறுபக்கம் நாளை செய்யக்கூடிய ஒரு சிறு காரியத்தையும் எழுதுங்கள். செய்ய ஒன்றுமில்லை என்றால் "செய்ய ஒன்றுமில்லை" என்றே எழுதுங்கள். இரவில் அதே எண்ணம் வந்தால், "இதை எழுதியாச்சு, நாளைக்குப் பின்னேரம் பார்ப்பம்" என்று சொல்லிக்கொள்ளலாம். சில நாட்கள் பழகினால் பலருக்கு இது வேலை செய்கிறது.

உடம்பை இளக்கும் பயிற்சியும் வேண்டும். மூச்சை மெதுவாக உள்ளே எடுத்து, எடுத்ததைவிட நீண்ட நேரம் வெளியே விடுங்கள். கால் விரலில் தொடங்கி முகம் வரை ஒவ்வொரு தசையையும் சில விநாடி இறுக்கித் தளர்த்துங்கள். யாழ்ப்பாணத்தில் போரின் நடுவே உளமருத்துவப் பணி செய்தவரும் தமிழில் "மனவடு" என்ற நூலை எழுதியவருமான பேராசிரியர் தயா சோமசுந்தரம், மக்களிடம் ஏற்கெனவே உள்ள வழிகளைச் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டார். சைவர்களுக்கு மந்திர உச்சாடனம், கிறிஸ்தவர்களுக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் தஸ்பீஹ், பௌத்தர்களுக்கு மூச்சைக் கவனிக்கும் தியானம். எல்லாச் சமயத்தவரும் வாழும் எமது ஊருக்கு இது நன்றாகப் பொருந்தும். அம்மம்மா படுக்கப்போகும்போது முணுமுணுத்ததை மருத்துவம் மறுக்கவில்லை.

திடீரென்று நெஞ்சு இடித்து, மூச்சு முட்டி, சாகப்போகிறோம் என்ற பயத்தோடு எழும்பினால் அது பதகளிப்பின் திடீர்த் தாக்கமாக இருக்கலாம். அது சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்த் தணியும். ஆனால் முதல் தடவை வந்தால், அதுவும் நீரிழிவோ இரத்த அழுத்தமோ உள்ளவர் என்றால், இருதய வருத்தமில்லை என்று வைத்தியசாலையில் உறுதிசெய்த பிறகே அந்த முடிவுக்கு வர வேண்டும். விழிப்பு வந்தும் உடம்பை அசைக்க முடியாமல் "பேய் அமுக்கிற மாதிரி" இருப்பது இன்னொன்று. கனவுக்காகத் தளர்ந்த தசைகள் விழிப்பதற்கு ஒரு கணம் பிந்துகின்றன, அவ்வளவுதான்.

ஒரே கெட்ட கனவு திரும்பத் திரும்ப வந்தால், பகலில் அந்தக் கனவின் முடிவை நீங்கள் விரும்பியபடி மாற்றி எழுதி, தினமும் பத்து நிமிடம் மனதில் ஓட்டிப் பாருங்கள். பயம் மிக அதிகமாக இருந்தால் உளவளத்துணையாளரோடு சேர்ந்து செய்வது நல்லது.

குளிசையைப் பற்றி

இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பலரின் அனுபவத்தைச் சேர்த்து ஒரு கதையாகச் சொல்கிறோம். ஓர் அம்மா, வயது 58. கணவனின் மரணத்துக்குப் பிறகு இரண்டு கிழமைக்கு என்று டயசிபாம் கொடுக்கப்பட்டது. அது முடிந்த பிறகு பழைய துண்டைக் காட்டியும், தங்கையிடம் வாங்கியும் ஒன்பது வருடம் போட்டார். ஒரு குளிசை இரண்டாயிற்று. இரவில் மலசலகூடத்துக்குப் போகும்போது விழுந்து மணிக்கட்டு முறிந்த பிறகுதான் விடயம் வெளியே வந்தது. பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்தினார். நடுக்கமும் வியர்வையும் வந்து மூன்று இரவுகள் கண்மூடவில்லை. "பார்த்தீங்களா, குளிசை இல்லாட்டி எனக்கு ஏலாது" என்றார். உண்மையில் அது குளிசையை விட்ட விளைவு. மாதக்கணக்கில் மிகச் சிறிய அளவுகளாகக் குறைத்து, மேலே சொன்ன பழக்கங்களையும் சேர்த்தபோது அவரால் விட முடிந்தது. இப்போதும் சில இரவுகள் நித்திரை குறைவு. அதற்கு அவர் பயப்படுவதில்லை.

ஆகவே ஒருவருக்கு எழுதிய நித்திரைக் குளிசையை மற்றவர் போடக்கூடாது. நீண்டகாலம் போட்டவர் திடீரென்று நிறுத்தவும் கூடாது. தடிமலுக்குக் கொடுக்கும் குளோர்பெனிரமினை நித்திரைக்கென்று தினமும் போடுவதும் நல்லதல்ல. அதேவேளை, மனச்சோர்வுக்கோ பதகளிப்புக்கோ வைத்தியர் எழுதும் மருந்துகள் வேறு. அவற்றுக்குப் பயந்து விட்டுவிடாதீர்கள்.

எப்போது வைத்தியரிடம் போக வேண்டும்

பலத்த குறட்டையும் இடையில் மூச்சு நின்று திணறுவதும் இருந்தால் காட்டுங்கள். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் இது கூடுகிறது. இரவில் கால்களை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும்போல் இருந்தால் இரும்புச்சத்துக் குறைவா என்று பார்க்க வேண்டும். உடம்பு கொதித்து வியர்த்து எழும்புவது, அடிக்கடி சிறுநீர் போவது, படுத்தால் மூச்சு முட்டுவது, தைரொயிட் கோளாறு ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சிகிச்சை உண்டு. 35 வயது கடந்தவர்கள் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போகும்போது நித்திரையைப் பற்றியும் சொல்லுங்கள்.

அதிகாலையில் விழித்து, ஒன்றிலும் விருப்பமில்லாமல், இருந்து என்ன என்ற எண்ணம் வருமானால் காத்திருக்க வேண்டாம். பிள்ளை பெற்ற தாய்க்கு, பிள்ளை நித்திரையாக இருக்கும்போதும் நித்திரை வராவிட்டால் அதையும் வீட்டார் கவனிக்க வேண்டும். மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போவதில் வெட்கம் எதுவும் இல்லை. இலங்கையில் எந்த நேரமும் 1926 என்ற தேசிய மனநல நிறுவன இலக்கத்துக்கு அழைக்கலாம். பிரித்தானியாவில் 116 123, கனடாவில் 988, அவுஸ்திரேலியாவில் 13 11 14.

தூரத்தில் இருக்கும் சகோதரிகளுக்கு

இந்த மலர் கடல் கடந்தும் போகும். ரொறன்ரோவில் வேலை முடிந்து கோடைகாலத்தில் இரவு 7 மணிக்கு நீங்கள் அம்மாவுக்கு எடுக்கும் அழைப்பு இங்கே அதிகாலை 4.30க்கு அடிக்கிறது. அந்த நேரத்து மணியோசை எங்கள் வீடுகளில் நீண்டகாலமாக மரணச் செய்தியின் ஓசை. அம்மா மகிழ்ச்சியோடு கதைப்பார். ஆனால் நெஞ்சு இடித்த பிறகுதான் கதைப்பார். சனி, ஞாயிறு காலை 8.30க்கு எடுத்தால் இங்கே மாலை 6 மணி. நேரத்தை முன்கூட்டியே பேசி வைத்தால் இரண்டு வீட்டுக்கும் நித்திரை.

இரவுப் பணி செய்யும் தாதியரும் பராமரிப்பு இல்லங்களில் வேலை செய்வோரும் காலையில் வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி அணிந்து, தடித்த திரைச்சீலை போட்ட அறையில் நித்திரை கொள்ளப் பாருங்கள். குளிர்காலத்தில் வேலை நேரம் அனுமதித்தால், பகல் வெளிச்சத்தில் அரை மணித்தியாலமாவது நடவுங்கள். இங்கிலாந்தில் இருப்பவர்கள் என்.எச்.எஸ். பேச்சுச் சிகிச்சைக்கு வைத்தியரின் கடிதம் இல்லாமலே நேரடியாக விண்ணப்பிக்கலாம்.

கடைசியாக, உயர்தரம் படிக்கும் தங்கைமாருக்கும் அவர்களின் பெற்றோருக்கும் ஒரு சொல். பதின்ம வயதினருக்கு எட்டு மணித்தியால நித்திரையாவது வேண்டும். பகலில் படித்தது மூளையில் பதிவது நித்திரையில்தான். விடிய விடியப் படிக்கும் பிள்ளையைப் புகழ்வதை நிறுத்துவோம்.

நூறு வருடங்களாக இந்தப் பாடசாலை பெண்களுக்குப் படிப்பையும் தைரியத்தையும் கொடுத்தது. அந்தத் தைரியத்தால் எத்தனையோ இரவுகளைச் சத்தமில்லாமல் தாங்கினோம். இனி அவற்றைப் பற்றிப் பேசவும் பழகுவோம். இன்று வீட்டுக்குப் போனதும், உங்களோடு ஒரே வகுப்பில் இருந்த ஒருத்திக்கு அழைத்து, "நித்திரை கொள்ளுறியா?" என்று கேளுங்கள். பதிலைக் கேட்க நேரம் ஒதுக்குங்கள்.

எமது கல்விச்சாலை இன்னும் பல நூற்றாண்டுகள் வாழ்க.